ப்ரொப்பல்லரில் தொடங்குங்கள்: இரட்டை மோட்டார் ஃபோம் விமானத்துக்கான தேர்வு

இரட்டை மோட்டார் ஃபோம் விமானம் கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மோட்டாரைத்தான் வாங்குகிறார்கள். பழைய ட்ரோனில் கழற்றிய 2204 மோட்டார் நான்கு மேசை அறையில் கிடக்கும், அல்லது ஆன்லைனில் ஏ2212 1000 கேவி (வோல்ட்டுக்கு 1000 சுழற்சி) மலிவாக வரும். ஜோடியாக எடுத்து இறக்கையில் ஒட்டிவிட்டு, அதன்பிறகு எந்த ப்ராப் (ப்ரொப்பல்லர்) போடலாம் என்று தேடுவார்கள். ஒற்றை மோட்டார் விமானத்தில் இந்த வரிசை எப்படியோ சமாளித்துப் போய்விடும். இரட்டையில் போகாது. உடற்பகுதி ஒரு பக்கம், தரை கீழே, இறக்கையின் முறுக்கு இன்னொரு பக்கம் என்று ப்ராப்புக்கான இடம் முன்கூட்டியே எல்லை கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே ப்ராப்பின் விட்டம் முதலில், பிட்ச் (ஒரு சுற்றுக்கு அது முன்னேற வேண்டிய தூரம்) அடுத்து, அதைச் சுழற்றத் தேவையான கேவி மூன்றாவது, மோட்டாரின் அளவு நான்காவது. ஈஎஸ்சியும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை) பேட்டரியும் கடைசியில்தான் வரும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே விமானத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இறக்கை நீளம் 1200 மி.மீ., அகலம் 170 மி.மீ., ஃபோம் போர்டு அல்லது இபிஓ என்ற ஃபோம் வகையில் உடல், பேட்டரியோடு சேர்த்து 900 கிராம். நம் குமரி மாவட்டத்தில் ஒருவர் வீட்டிலேயே வெட்டி ஒட்டி, பைக்கில் பின்னால் கட்டி எடுத்துப்போகக்கூடிய அளவு இது.

விட்டம்: ஸ்கேலை எடுத்து அளக்க வேண்டிய விஷயம்

உடற்பகுதியின் அகலம் 100 மி.மீ. என்றால் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவர் வரை 50 மி.மீ. ப்ராப்பின் நுனிக்கும் அந்தச் சுவருக்கும் இடையில் குறைந்தது 20 மி.மீ. விடுங்கள். ஃபோம் வளையும். இறங்கும்போது ஒரு குலுக்கலில் நாசெல் (மோட்டாரைத் தாங்கும் கூடு) 5 மி.மீ. உள்ளே சாய்வதெல்லாம் சாதாரணம். 7 அங்குல ப்ராப்பின் ஆரம் 89 மி.மீ. ஆக 50 + 89 + 20 = 159. மோட்டாரின் மையம் நடுக்கோட்டிலிருந்து 160 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். 8 அங்குலத்துக்கு இதே கணக்கு 172 மி.மீ. 10 அங்குலம் போட்டால் 197 மி.மீ. ஆகிவிடும்.

தள்ளி வைத்தால் என்ன கெட்டது என்று கேட்கலாம். ஒரு பக்க மோட்டார் நின்றால் விமானம் எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதை இந்தத் தூரம்தான் தீர்மானிக்கிறது. மீதமுள்ள மோட்டாரின் த்ரஸ்ட்டை (இழுவிசையை) இந்தத் தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் மூக்கைத் திருப்பும் முறுக்கு. ரடர் (வால் சுக்கான்) அதைத் தாங்க வேண்டும். ஃபோம் மாதிரிகளில் ரடர் பெரும்பாலும் சிறியது. எனவே உடலை ஒட்டி எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கம் நல்லது. அதற்காக 5 அங்குல ப்ராப்புக்கு இறங்கிவிட்டாலும் வேறு தொல்லை வரும், அதைக் கீழே பார்ப்போம்.

தரை இடைவெளியையும் இப்போதே அளந்துவிடுங்கள். சக்கரம் இல்லாமல் வயிற்றில் இறக்கும் விமானம் என்றால் உயர் இறக்கை வடிவம் கைகொடுக்கும். கடலோரக் காவல்படை ஓட்டும் டோர்னியர் 228 போன்ற வடிவத்தில் ப்ராப்பின் நுனி வயிற்றுக்கு மேலேயே நிற்கும். தாழ் இறக்கை வடிவத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் ப்ராப் உடையும், அல்லது மோட்டாரின் தண்டு வளையும். நம் ஏலாக்களில் (நெல்வயல்களில்) அறுத்த தாள் கணுக்கால் உயரத்துக்கு நிற்பதை மறக்காதீர்கள். அந்தத் தாள் 8 அங்குல ப்ராப்பைப் பிடித்து இழுத்தால் நாசெலே இறக்கையிலிருந்து பெயர்ந்து வரும்.

இடம் போதவில்லை, ஆனால் த்ரஸ்ட் வேண்டும் என்றால் மூன்று இதழ் ப்ராப் ஒரு வழி. இரண்டு இதழில் 8×4 (விட்டம் 8 அங்குலம், பிட்ச் 4 அங்குலம்) செய்யும் வேலையை மூன்று இதழில் 7×4 ஏறக்குறையச் செய்யும். திறன் கொஞ்சம் குறையும், மின்னோட்டம் சற்று ஏறும். இடம் இருந்தால் இரண்டு இதழே மேல்.

பிட்ச்: வேகத்தைக் கணக்கிட்டுவிட்டு வாங்குங்கள்

முதலில் விமானம் எந்த வேகத்தில் ஸ்டால் ஆகும் என்று தெரிய வேண்டும். இறக்கைப் பரப்பு 120 × 17 = 2040 சதுர செ.மீ., அதாவது 20.4 சதுர டெசிமீட்டர். 900 கிராமை இதால் வகுத்தால் 44. இதன் வர்க்கமூலம் 6.6. அதை 4.5 ஆல் பெருக்கினால் சுமார் 30. மணிக்கு 30 கி.மீ.க்குக் கீழே போனால் இந்த விமானம் விழும். சாதாரண ஃபோம் இறக்கைக்கு இந்த 4.5 போதுமான அளவு சரியாக வரும்.

ப்ராப்பின் பிட்ச் வேகம் இந்த ஸ்டால் வேகத்தைப் போல் இரண்டரை மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை இருக்க வேண்டும். நம் விமானத்துக்கு 75 முதல் 90 கி.மீ. பிட்ச் வேகம் கண்டுபிடிக்க எளிய சூத்திரம்: நிமிடச் சுழற்சி × பிட்ச் (அங்குலம்) × 0.001524. விடை மணிக்கு எத்தனை கி.மீ. என்று வரும். 10,000 சுழற்சியில் 5 அங்குல பிட்ச் என்றால் 76 கி.மீ. விமானம் உண்மையில் பறக்கும் உச்ச வேகம் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

எங்கே பறக்கப் போகிறீர்கள் என்பதும் பிட்ச்சை மாற்றும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பதற்குக் காரணம் அந்தக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கில் நெருக்கப்பட்டு வேகம் எடுக்கிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பக்கம் 900 கிராம் ஃபோம் விமானம் தூக்கவே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. தூக்கியே தீருவேன் என்பவர்கள் பிட்ச் வேகம் 100 கி.மீ. வரும்படி அமைக்க வேண்டும். இல்லையென்றால் காற்றை எதிர்த்துத் திரும்பி வரவே வராது. தோவாளைக்குத் தெற்கிலும் மேற்கிலும், இராஜாக்கமங்கலம், தக்கலை, கருங்கல் பக்கங்களில் காலை ஒன்பது மணிக்குள் பறந்து முடிப்பவர்களுக்கு 75–80 தாராளம். அதற்குப் பிறகு கடல்காற்று ஏறிவிடும்.

கேவி: ப்ராப் கேட்பதைக் கொடுப்பது

கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் எத்தனை முறை சுழலும் என்ற எண், அதுவும் சுமை இல்லாதபோது. ப்ராப் மாட்டியபின் அதில் சுமார் 78 சதவீதம்தான் கிடைக்கும். 3எஸ் லிப்போ (மூன்று செல் லித்தியம் பேட்டரி) முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டினாலும், சுமையில் 11 வோல்ட் என்று எடுத்துக்கொள்வதே நியாயம். ஆக, சுழற்சி = கேவி × 11 × 0.78.

இப்போது பொருத்திப் பாருங்கள்.

7×5 ப்ராப், 1400 கேவி: சுழற்சி சுமார் 12,000. பிட்ச் வேகம் 91 கி.மீ. ஒரு மோட்டாருக்கு 11–13 ஆம்பியர், த்ரஸ்ட் அரைக் கிலோவை ஒட்டி வரும். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோ. 900 கிராம் விமானத்துக்கு இது தாராளத்துக்கும் மேல்.

8×6 ப்ராப், 1000 கேவி: சுழற்சி 8,600–8,800. பிட்ச் வேகம் 80 கி.மீ.யை ஒட்டி வரும். மின்னோட்டம் 10 ஆம்பியருக்குள் நிற்கும், த்ரஸ்ட் ஏறக்குறைய முன்னதைப் போலவே. அதே இழுவைக்குக் குறைந்த மின்சாரம். பெரிய ப்ராப் மெதுவாகச் சுற்றினால் திறன் அதிகம் என்பது இங்கே எண்களில் தெரிகிறது. சத்தமும் குறைவு. நாசெலை 172 மி.மீ.யில் வைக்க முடியும் என்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வோம்.

8×4 ப்ராப், 1000 கேவி: பலரும் செய்யும் சேர்க்கை, ஏனென்றால் இரண்டும் எளிதில் கிடைக்கும். பிட்ச் வேகம் 52 கி.மீ.தான். மேசையில் வைத்து இழுத்துப் பார்த்தால் நன்றாக இழுக்கும், கையில் பிடித்தால் திமிறும். ஆனால் காற்றில் ஏறியதும் வேகமே எடுக்காது. கொஞ்சம் எதிர்க்காற்று வந்தால் நின்ற இடத்தில் நிற்கும். மேசைச் சோதனையை மட்டும் நம்பினால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

5×4.5 ப்ராப், 2300 கேவி 2204: இதுதான் ட்ரோன் மிச்சம். பிட்ச் வேகம் 130 கி.மீ.யைத் தாண்டும். ஒரு மோட்டாருக்கு 400 கிராம் வரை த்ரஸ்ட் காட்டும், காகிதத்தில் குறையே இல்லை. ஆனால் கையிலிருந்து எறியும் வேகத்தில் சின்ன ப்ராப் மிகக் குறைவான காற்றையே பிடித்துத் தள்ளுகிறது. மெதுவான விமானத்தில் மின்சாரம் வீணாகும், பறக்கும் நேரம் சுருங்கும். சிறிய, வேகமான, வழுவழுப்பான உடல் கொண்ட விமானத்துக்கு இந்தச் சேர்க்கையை வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ராப்பை மாற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரே சுழற்சியில் விட்டம் கூடினால் தேவைப்படும் திறன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், பிட்ச் கூடினால் அதே விகிதத்தில் மட்டும் ஏறும். 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலத்துக்குப் போனாலே சுமார் 70 சதவீதம் கூடுதல் சுமை. 1400 கேவி மோட்டாரில் ‘ஒரு அங்குலம்தானே’ என்று 8×6 மாட்டினால் மோட்டார் சுடும், ஈஎஸ்சி கருகும்.

மோட்டாரின் உடல் அளவு

2212 என்றால் உள்ளே இருக்கும் ஸ்டேட்டரின் விட்டம் 22 மி.மீ., உயரம் 12 மி.மீ. எடை 50–60 கிராம். எவ்வளவு வாட் தாங்கும் என்பதை இந்த உடல் அளவு சொல்கிறது, கேவி சொல்வதில்லை. ஒரு கிலோ விமானத்துக்கு மொத்தமாக எத்தனை வாட் என்பதற்கு நடைமுறையில் நிற்கும் அளவு இது: மெதுவான பயிற்சி விமானத்துக்கு 110–150, சுறுசுறுப்பாகப் பறக்க 150–200, குட்டிக்கரணம் அடிக்க 220க்கு மேல். நம் 900 கிராமுக்கு 180 வாட் இருந்தாலே நன்றாகப் பறக்கும். இரண்டு 2212 எளிதாக 220–260 கொடுக்கும். மிச்சத்தை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு பாதி த்ராட்டிலில் சுற்றலாம்.

400 கிராம் அளவிலான, 800–900 மி.மீ. இறக்கை கொண்ட குட்டி விமானத்துக்கு 1806 2300 கேவி ஜோடியும் 5×3 ப்ராப்பும் போதும். 3எஸ்ஸில் ஒன்றுக்கு 6–7 ஆம்பியர், சுமார் 280 கிராம் த்ரஸ்ட். 12 ஆம்பியர் ஈஎஸ்சி, 850–1000 எம்ஏஎச் பேட்டரி. 1.4 கிலோவுக்கு மேல், 1500 மி.மீ. இறக்கை என்றால் 2212 1000 கேவியில் 9×6 மாட்டலாம். ஆனால் அது 13 ஆம்பியர் அளவில் அதன் எல்லையில் ஓடும். 2216 அல்லது அதற்கும் பெரிய உடலுக்குப் போய்விடுவது நிம்மதி.

இங்கே நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 15 டிகிரியில் கடல்மட்டக் காற்றின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 1.225 கிலோ. நாகர்கோவிலில் 33 டிகிரி மதியத்தில் 1.15 அளவுக்கு இறங்கும். அதே சுழற்சியில் த்ரஸ்ட் சுமார் 6 சதவீதம் குறையும். குளிர்நாட்டு அட்டவணையில் உள்ள எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அதைவிட முக்கியம் சூடு. சாதாரண வகை நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் நிரந்தரமாக வலு இழக்கத் தொடங்கும். ஒரு மோட்டார் மட்டும் இப்படி வலு இழந்தால் இரண்டு பக்கமும் பிறகு ஒருபோதும் சமமாக ஓடாது.

எந்தப் பக்கம் எந்தத் திசை

வழக்கமான ப்ராப், பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுழலும். இரண்டு பக்கமும் அதே ப்ராப்பைப் போட்டாலும் விமானம் பறக்கும். முழு அளவு டக்கோட்டா விமானங்களிலும் இரண்டு ப்ராப்பும் ஒரே திசையில்தான் சுழன்றன. ஆனால் கையால் எறியும் ஃபோம் விமானத்தில் முழு த்ராட்டிலில் இரண்டு மோட்டாரின் எதிர்முறுக்கும் கூடி இடது இறக்கையைக் கீழே அழுத்தும். வேகம் எடுக்கும் முன் அது தரையைத் தொட்டுவிடும்.

எதிரெதிராகச் சுழலவிட்டால் இந்த முறுக்குகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இடது மோட்டாரில் வழக்கமான ப்ராப், வலது மோட்டாரில் எதிர்த்திசை ப்ராப். இப்படி வைத்தால் இரண்டு ப்ராப்பின் மேல்நுனிகளும் உடற்பகுதியை நோக்கி வரும். மூக்கைத் தூக்கி மெதுவாகப் பறக்கும்போது கீழே இறங்கும் இதழ் அதிகம் இழுக்கும். அந்த இதழ் இப்போது இரண்டு பக்கமும் உடலை ஒட்டியிருக்கிறது. ஒரு மோட்டார் நின்றாலும் திருப்பும் முறுக்கு குறைவாக இருக்கும். பி-38 லைட்னிங் விமானத்தில் இதற்கு மாறாக மேல்நுனிகள் வெளிப்பக்கம் போகும். அதன் ஸ்கேல் மாதிரி கட்டுபவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம், மற்றவர்களுக்கு உள்பக்கமே நல்லது.

மோட்டாரின் திசையை மாற்ற மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும். ப்ராப்பின் எண் எழுதிய பக்கம் எப்போதும் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும், எதிர்த்திசை ப்ராப்புக்கும் இதுவே விதி. எதிர்த்திசை ப்ராப்பில் பெரும்பாலும் எண்ணுக்குப் பின் ‘ஆர்’ அல்லது ‘பி’ எழுத்து இருக்கும். அவை எல்லா அளவிலும் கிடைக்காது. எனவே உங்களுக்குப் பிடித்த அளவில் எதிர்த்திசை கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு மோட்டாரை ஆர்டர் செய்யுங்கள். வாங்கும்போது திசைக்குக் குறைந்தது மூன்று வாங்கிவிடுங்கள். ஒன்று உடைந்தால் வேறு கம்பெனியின் அதே எண் ப்ராப்பை ஒரு பக்கம் மட்டும் மாட்டக் கூடாது. 8×6 என்று அச்சிட்டிருந்தாலும் இதழின் அகலமும் வளைவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

வலது மோட்டாரில் இன்னொரு கவனம். சாதாரண வலப்புரி மரை கொண்ட நட், வழக்கமான திசையில் சுழலும்போது தானாக இறுகும். எதிர்த்திசையில் ஒவ்வொரு முறை த்ராட்டில் கொடுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். நைலான் உள்ள லாக் நட் போடுங்கள், அல்லது இடப்புரி மரை கொண்ட அடாப்டர் தேடி வாங்குங்கள். பறக்கும்போது ஒரு ப்ராப் கழன்று போவது பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான்.

கம்பிகள், ஈஎஸ்சி, பேட்டரி

அளந்த மின்னோட்டத்துக்கு மேல் 30 சதவீதம் கூடுதலாகத் தாங்கும் ஈஎஸ்சி எடுங்கள். 12–13 ஆம்பியருக்கு 20 ஆம்பியர் ஈஎஸ்சி சரி. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், முடிந்தால் ஒரே நாளில் வாங்கியவை. பேட்டரி ஒன்றே போதும். இரண்டு மோட்டாருக்கு இரண்டு தனித்தனி பேட்டரி வைத்தால் ஒன்று முன்னதாக இறங்கும், அந்தப் பக்கம் வேகம் குறையும். 3எஸ் 2200 எம்ஏஎச் 25சி பேட்டரி காகிதத்தில் 2.2 × 25 = 55 ஆம்பியர் கொடுக்கும். நமக்கு முழு த்ராட்டிலிலும் 26ஐத் தாண்டாது. சராசரியாக 12 ஆம்பியர் இழுத்தால், 80 சதவீதத்தில் நிறுத்திக்கொண்டாலும் எட்டு நிமிடத்துக்கு மேல் பறக்கலாம்.

நாசெல் வரை கம்பியை நீட்ட வேண்டுமே, எந்தப் பக்கத்தை நீட்டுவது? பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் இடையிலான கம்பியை நீட்டாதீர்கள். அந்த நீளம் கூடினால் ஈஎஸ்சியின் உள்ளே மின்னழுத்தத் துள்ளல்கள் ஏறி, மின்தேக்கி உப்பி, ஒருநாள் பறக்கும்போது செத்துப்போகும். ஈஎஸ்சியை உடற்பகுதியில் வைத்து, மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளை நீட்டுங்கள். 16–17 செ.மீ. தூரத்துக்கு இது எந்தக் கெடுதலும் செய்யாது. சால்டர் பற்று நன்றாக உருகி கம்பிக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். ஒரு மோசமான பற்று அந்தப் பக்க மோட்டாரை மட்டும் திக்கித் திணற வைக்கும்.

இரண்டு ஈஎஸ்சியிலும் ரிசீவருக்கு மின்சாரம் தரும் பிஇசி இருக்கும். இரண்டையும் ஒன்றாக இணைத்தால், குறிப்பாக ஸ்விட்ச்சிங் வகையில், ஒன்றோடொன்று மோதும். ஒரு ஈஎஸ்சியின் சிவப்பு ஊசியை மட்டும் கனெக்டரிலிருந்து உருவி, டேப் சுற்றி விடுங்கள்.

இரட்டை மோட்டாருக்கே உரிய பெரிய ஆபத்து ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. பேட்டரி இறங்கும்போது ஈஎஸ்சி தானாக மோட்டாரை நிறுத்தும் வசதி உண்டு. இரண்டு ஈஎஸ்சியும் ஒரே நொடியில் நிறுத்தாது. ஒன்று முன்னால் நிறுத்தும், விமானம் அந்தப் பக்கம் சுழன்று விழும். இந்த வசதியை மிகக் குறைந்த அளவுக்கு மாற்றி, ‘மெல்லக் குறை’ என்ற முறையில் வைத்துவிடுங்கள். பேட்டரியைக் காப்பாற்ற ஒரு செல்லுக்கு 3.5 வோல்ட்டில் கத்தும் அலாரத்தை நம்புங்கள், ரேடியோவில் ஆறு நிமிட டைமரும் வையுங்கள்.

பிறகு த்ராட்டில் அளவைச் சொல்லிக்கொடுப்பது. ப்ராப்பைக் கழற்றுங்கள். ரேடியோவை இயக்கி த்ராட்டிலை உச்சத்தில் வைத்து, பேட்டரியை இணைத்து, பீப் கேட்டதும் அடிக்கு இறக்குங்கள். இரண்டு ஈஎஸ்சிக்கும் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஒரு மோட்டார் ஐந்து சதவீத த்ராட்டிலில் கிளம்பும், மற்றது பத்தில் கிளம்பும்.

பொருத்துதல்

மோட்டாரை நேராக ஃபோமில் ஹாட் க்ளூ வைத்து ஒட்டுவது நம் ஊருக்குச் சரிவராது. பூட்டிய காருக்குள் மதியம் ஒரு மணி நேரம் வைத்தாலே அந்தப் பசை இளகும். 3 மி.மீ. பிளைவுட்டில் சதுரம் வெட்டி, அதை நாசெலின் உள்ளே நீளவாக்கில் செல்லும் இரண்டு மூங்கில் அல்லது கார்பன் கம்பிகளோடு எபாக்ஸி வைத்துப் பிணைத்து, அதில் மோட்டாரை எம்3 திருகால் மாட்டுங்கள். ஏ2212 மோட்டாரின் அடியில் திருகுத் துளைகள் 16 மி.மீ., 19 மி.மீ. இடைவெளியில் குறுக்கே இருக்கும். திருகு நீளமாக இருந்தால் உள்ளே உள்ள செப்புச் சுருளைத் தொட்டு ஷார்ட் ஆகும். மோட்டாருக்குள் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

மோட்டாரை ஒன்றிரண்டு டிகிரி வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தால் ஒரு மோட்டார் நிற்கும்போது திரும்பும் முறுக்கு குறையும். நாசெலின் முன்னே காற்று புகும் வழி வைத்தால், பின்னே வெளியேறும் வழி அதைவிட ஒன்றரை மடங்காவது பெரிதாக இருக்கட்டும். இந்த வெளியேறும் வழியை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம்.

மேசைச் சோதனை

சமையலறை டிஜிட்டல் தராசும் எல் வடிவ மரச்சட்டமும் இருந்தால் த்ரஸ்ட் அளக்கலாம். நிமிர்ந்த கையும் கிடையான கையும் ஒரே நீளம், 20 செ.மீ. இருக்கட்டும். மூலையை ஓர் ஆணியில் சுழலும்படி மாட்டுங்கள். நிமிர்ந்த கையின் உச்சியில் மோட்டார், கிடையான கை மோட்டார் இழுக்கும் திசையை நோக்கி, அதன் நுனி தராசின் மேல். மோட்டார் முன்னே இழுக்க, நுனி தராசை அழுத்தும், அந்த எண்தான் த்ரஸ்ட். ஒரு சோதனைக்குப் பத்து நொடிக்கு மேல் முழு த்ராட்டில் வேண்டாம். ப்ராப்பின் பக்கவாட்டுத் தளத்தில் யாரும், முக்கியமாகச் சிறுவர்கள், நிற்கக் கூடாது.

வாட் மீட்டரை ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக மாட்டி மின்னோட்டம் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் 5 சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் முதலில் ப்ராப்களை இடம் மாற்ற முடியுமா என்று பார்க்காதீர்கள், எதிரெதிர் திசை என்றால் அது முடியாது. ஈஎஸ்சிகளை இடம் மாற்றுங்கள். வித்தியாசம் ஈஎஸ்சியோடு போனால் த்ராட்டில் அளவு தவறு. மோட்டாரோடு நின்றால் பேரிங், காந்தம் அல்லது பற்று.

ப்ராப்பைச் சமநிலைப்படுத்துவதைத் தள்ளிப்போடாதீர்கள். எடை குறைந்த இதழின் பின்பக்கம் செலோடேப் சிறு துண்டு ஒட்டினால் போதும். அதிர்வு ஃபோமில் உள்ள ஒட்டைத் தளர்த்தும், நாசெல் ஆடத் தொடங்கும், பிறகு ஆட்டமே அதிர்வைக் கூட்டும். ஒரு நிமிடம் முக்கால் த்ராட்டிலில் ஓட்டிவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். மூன்று நொடி விரல் வைக்க முடியவில்லை என்றால் ப்ராப் பெரிது, பிட்ச்சையோ விட்டத்தையோ ஒரு படி குறையுங்கள்.

டிஃபரன்ஷியல் த்ரஸ்ட்

இரண்டு ஈஎஸ்சியையும் ஒரே சேனலை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிளில் இணைக்காமல் ரிசீவரின் இரண்டு சேனலில் தனித்தனியாக இணைத்தால், ரடர் குச்சியோடு மோட்டார்களையும் கலக்கலாம். தரையில் திருப்பவும் மெதுவான வேகத்தில் வளையவும் நன்றாக இருக்கும். 15 சதவீதம் போதும், 20க்கு மேல் போகாதீர்கள். இந்தக் கலவையில் ஒரு பொறி உண்டு. த்ராட்டில் அடியில் இருக்கும்போதே ரடர் குச்சியை அசைத்தால் ஒரு மோட்டார் சட்டென்று சுழலக்கூடும். விமானத்தைக் கையில் பிடித்திருக்கும்போது இது விரலை வெட்டும். த்ராட்டிலைப் பூட்டும் ஸ்விட்ச் ஒன்றை ரேடியோவில் கட்டாயம் அமைத்து, அந்தப் பூட்டு கலவையையும் சேர்த்துத் தடுக்கிறதா என்று ப்ராப் இல்லாமல் சோதியுங்கள்.

பறக்கும்போது ஒரு மோட்டார் நின்றால், மீதி மோட்டாரில் திரும்பி வந்துவிடலாம் என்று த்ராட்டிலைக் கூட்டாதீர்கள். வேகம் குறைவாக இருக்கும்போது கூட்டினால் ரடரால் தாங்க முடியாது, விமானம் நின்ற பக்கம் புரண்டு சுழன்று இறங்கும். உடனே த்ராட்டிலை அடிக்கு இழுத்து, மூக்கைத் தாழ்த்தி, எதிரே இருக்கும் வயலிலேயே இறக்குங்கள்.

பறக்கும் இடமும் பராமரிப்பும்

கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும் மாசி, பங்குனி நம் மாவட்டத்தில் நல்ல காலம். தேரூர், சுசீந்திரம் குளங்களின் பக்கம் வேண்டாம். 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த நீர்நிலைகள் அவை, வலசை வரும் பறவைகள் தங்கும் இடம். கிழக்கே போகிறவர்கள் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் அருகில் இருப்பதை மனத்தில் வைத்து, டிஜிட்டல் ஸ்கை (ட்ரோன் பறக்கும் வான்பகுதிகளைக் காட்டும் அரசின் இணையதளம்) வரைபடத்தில் பச்சைப் பகுதியா என்று பார்த்துவிட்டுத்தான் பேட்டரியை இணைக்க வேண்டும்.

மணவாளக்குறிச்சி, முட்டம், குளச்சல் கரைகளில் பறப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அந்தக் கறுத்த மணலில் இல்மனைட் இருக்கிறது. வலுவான காந்தம் அதை இழுக்கும். மோட்டார் மணலில் ஒருமுறை உரசினாலே உள்ளே காந்தத்துக்கும் ஸ்டேட்டருக்கும் இடையில் துகள்கள் ஒட்டிக்கொண்டு, சுழலும்போது சுருளின் பூச்சைச் சுரண்டும். ஒரு பக்க மோட்டார் மட்டும் கரகரவென்று சத்தமிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஊதி எடுக்க முடியாது. தண்டின் அடியில் உள்ள சி வடிவ கிளிப்பைக் கழற்றி, மேல் உறையை உருவி, காந்தங்களின் மேல் செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தை அழுத்தி அழுத்தி எடுங்கள். கிளிப் பறந்து தொலையும், ஒரு பாலித்தீன் பைக்குள் வைத்துக் கழற்றுவது நல்லது. உப்புக்காற்றில் பேரிங் துருப்பிடிக்கும் என்பதால், மாதம் ஒருமுறை பேரிங்கில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, இரண்டு பக்க மோட்டாரையும் கையால் சுற்றி ஒரே போல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒன்று தேய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் பேரிங்கை மாற்றிவிட்டு, வாட் மீட்டர் சோதனையை மறுபடி செய்த பிறகே அடுத்த முறை தூக்குங்கள்.